கழுத்துக்குக் கீழே ஜமீன்

ராஜா உடை போட்டால் ராஜாவாகவே தெரிகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் திருச்செங்கோட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்துவிட்டார். மற்றவர்கள் யார் அந்த உடையைப் போட்டாலும் பேண்டு வாத்தியக் கோஷ்டியிலிருந்து வழிதவறி வந்தவர்கள் மாதிரிதான் இருப்பார்கள். என் கல்யாண வரவேற்பில் ஷெர்வானி போட்டு நின்ற என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. ஊரே ஜமீன் என்றது, நானும் ஜமீன் என்றேன். ஜமீனுக்கு ஜமீன் எதுவும் கிடையாது. ஒரு மாடிப்படிக்குக் கீழே அடங்கிய ஸ்டுடியோ, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மொபெட். சமஸ்தானம் அவ்வளவுதான்.

அதற்கு நேர் எதிரே நான் வேலை பார்த்த ரிக் ஆபீஸ். ரிக் என்றால் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி. எங்கள் வண்டி எந்த மாநிலத்தில் பழுதாகி நிற்கிறது என்று போனில் விசாரித்து, அதை முதலாளியிடம் சொல்லி, நானே பழுதாக்கியது போலத் திட்டு வாங்குவது என் வேலை. மீதி நேரத்தில் ஜமீனை வேடிக்கை பார்ப்பேன்.

அவர் நிற்கிற விதமே தனி. இடது கை எதன் மேலாவது இருக்க வேண்டும். நாற்காலி முதுகு, மின்கம்பம், யாரோ நிறுத்திவிட்டுப் போன ஸ்கூட்டர், எதுவானாலும் சரி. வலது கை இடுப்பில். வலது கால் கொஞ்சம் முன்னால். நெஞ்சு மட்டும் நிமிர்ந்தபடியே இருக்கும். ஜலதோஷம் பிடித்த நாளிலும் அது இறங்காது. ரோட்டோரம் அவர் அப்படி நிற்பதைப் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் அவசரமாகத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். மொபெட்டை யானை மேல் பவனி வருவது போல ஓட்டுவார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தால் இடது கையை மெதுவாக உயர்த்துவார். வழிவிடுகிறார் என்று அர்த்தமில்லை. மரியாதையை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம்.

பாஸ்போர்ட் போட்டோவுக்குப் போகிறவர்கள் பாடுதான் பாவம். “இப்படி உக்காந்தா மொகத்துல அந்தஸ்து எப்படி வருமுங்க? தாவாக்கட்டைய தூக்குங்க. நீங்க யாருன்னு நெனச்சுக்கங்க,” என்பார். வந்தவர் நூல் மில்லில் ஷிப்டு முடித்து வந்தவராக இருப்பார். தான் யார் என்று நினைக்க அவருக்குத் தெம்பிருக்காது. ஜமீன் விடமாட்டார். அந்தஸ்து வந்த பிறகுதான் பட்டனை அமுக்குவார். வங்கிக் கடனுக்கு அந்தப் போட்டோவை ஒட்டிக் கொடுத்த ஒருவரிடம், “இவ்ளோ வசதியான ஆளுக்கு எதுக்குங்க லோனு?” என்று கேட்டார்களாம்.

ஆனால் ஜமீனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இறந்தவர்கள் படம்தான்.

எங்கள் பக்கத்தில் ரிக்கும் லாரியும் கோழிப்பண்ணையும் வைத்து முன்னுக்கு வந்தவர்கள், மோட்டார் வண்டி வாங்கி, பங்களா கட்டி, கடைசியில் கூடத்துச் சுவரில் மாட்ட அப்பா படம் தேடுவார்கள். அப்பா எங்கே படம் எடுத்தார்? அவர் கோவணத்தோடு கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். கிடைப்பதெல்லாம் ரேஷன் கார்டிலோ ஓட்டுக் கார்டிலோ இருக்கிற முகம் மட்டும்தான். அந்த முகத்தை எடுத்துக்கொண்டு ஜமீனிடம் வருவார்கள். பத்து நாளில் அப்பா தயாராகிவிடுவார். தலையில் குஞ்சம் வைத்த தலைப்பாகை, முழங்கால் வரை சரிகை வேலை செய்த வெல்வெட் கோட்டு, தோளிலிருந்து குறுக்கே பட்டுப் பட்டை, இடுப்பில் உறையிட்ட வாள், நெஞ்சில் வரிசையாகப் பதக்கங்கள். இடது கை சிங்கத்தலை வைத்த நாற்காலியின் முதுகில். பின்னால் தூண், திரைச்சீலை, தூரத்தில் ததும்பி நிற்கிற ஓர் ஏரி. நாமக்கல் ஜில்லாவில் அவ்வளவு தண்ணீர் நிற்கிற ஏரியை நான் பார்த்ததில்லை.

ஆளுயரப் படத்தைப் பார்த்து மகன்கள் கண்கலங்குவார்கள். “எங்கய்யன் கோமணத்த அவுத்துட்டு இப்படி ஒரு நாளு நிக்கோணும்னு ஆசைங்க,” என்று ஒருவர் சொல்லி அழுததை நானே கேட்டேன்.

படம் சொல்ல வருகிறவர்களிடம் ஜமீன் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “நீங்க எந்தக் கூட்டமுங்க?” எங்கள் பக்கம் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். போட்டோ பிடிக்கிறவருக்கு இது எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை. வரலாற்று ஆராய்ச்சி செய்கிறார் என்று ஒரு கல்லூரி வாத்தியார் மதிப்போடு அவரைப் பார்க்க வந்து, டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு விஷயம் தெரிந்தது எங்கள் ஆபீஸ் காலண்டர் வேலையாகப் போன ஒரு மத்தியானம். ஸ்டுடியோவில் ஆளில்லை. கம்ப்யூட்டர் திரையில் வெல்வெட் கோட்டும் வாளுமாக ஒரு ராஜா நின்றார். கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. நான் ஓரடி பின்னால் போய், கையில் டீத் தட்டோடு உள்ளே வந்துகொண்டிருந்த ஜமீன் மேலேயே மோதினேன்.

“பயப்படாதீங்க சாமி,” என்றார். “அது நாந்தான்.”

எல்லா அப்பாக்களுக்கும் உடம்பு ஒன்றுதான். அது ஜமீனுடைய உடம்பு. சேலத்தில் நாடக உடை வாடகைக்கு விடுகிற கடையிலிருந்து ஒருநாளைக்கு எடுத்துவந்து எடுத்த படம். பதக்கங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் அவருடைய அக்கா பிள்ளைகள் வாங்கியவை. கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஒன்றில் நூறு மீட்டர் ஓட்டம் என்று இருக்கும்.

“ஒருத்தரு ஊட்டுக்கு இன்னொருத்தரு ஒரம்பரையாப் போனா, கண்டுபுடிச்சுற மாட்டாங்களா?” என்று கேட்டேன். ஒரம்பரை என்றால் விருந்தாளி, சொந்தக்காரர்.

ஜமீன் நாற்காலி முதுகில் கை வைத்து நின்றார். அந்த நிமிஷம்தான் கூட்டம் கேட்பதன் ரகசியம் விளங்கியது. ஒரு கூட்டத்துக்கு ஒரு கலர் கோட்டு. ஒருவருக்குச் சிவப்பு என்றால் அவர் பங்காளிகள் எல்லாருக்கும் சிவப்பு. அவர்கள் பெண் எடுக்கிற கூட்டத்துக்குப் பச்சை.

“பங்காளிங்க ஒரே மாதிரி நின்னா அது சாடைங்க,” என்றார். “சம்மந்திங்க ஒரே மாதிரி நின்னாத்தான் வம்பு.”

ரிக் ஆபீஸில் இவ்வளவு மூளை உள்ள ஓர் ஆள் இருந்திருந்தால் எங்கள் வண்டி எதுவும் நடுவழியில் நின்றே இருக்காது. யாரிடமும் சொல்வதில்லை என்று கையடித்துக் கொடுத்தேன். பயமும் வந்தது. வெளியே தெரிந்தால் கடையை மூடுவதோடு போகாது. அப்பனுக்கு அடுத்தவன் உடம்பை ஒட்டிக் கொடுத்தவனை எங்கள் பக்கத்தில் சும்மா விடமாட்டார்கள்.

எங்கள் முதலாளி மல்லசமுத்திரத்தில் பெரிய வீடு கட்டினார். அவருடைய அய்யனும் கிணறு வெட்டியவர்தான். குடிபோகிற நாளுக்காக ஜமீன் சிவப்புக் கோட்டில் அவரை முன்கூட்டியே தயார் செய்துவிட்டார். முதலாளி அதை ஆபீஸில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் துணியை நீக்கிக் காட்டினார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளியின் மனைவி சரோஜாக்கா ஸ்டுடியோவுக்குப் போனார். கூடப் போனவன் நான்.

ஒரு பழைய கல்யாணப் போட்டோவைக் கொடுத்தார். ஓரத்தில், தோளில் துண்டோடு, பாதி மறைந்து ஒருவர் நின்றார்.

“என்ற அய்யனுங்க. மாட்டுத் தரகு பண்ணுனவரு. இவருக்கும் ஒரு படம் வேணும். பெருசா. எங்கூட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம்.”

“ஏனுங்கம்மணி?”

“கேட்டுட்டனுங்க. மாமனாரு படம் மாமனாரு ஊட்ல இருக்கோணும், இங்க எதுக்குங்கறாரு. எங்கய்யனுக்கு நானு ஒருத்திதானுங்க. ஊடும் பங்காளிங்க கைக்குப் போயிருச்சு. அவரு படத்த மாட்டறதுக்கு இனி வேற செவுரு ஏதுங்க?”

அக்கா போன பிறகு ஜமீன் முதல்முறையாக எதன் மேலும் கை வைக்காமல் நின்றார். எனக்குக் காரணம் புரிந்தது. சிவப்பும் பச்சையும் இதுவரை வேறு வேறு ஊர்களில், வேறு வேறு சுவர்களில் இருந்தன. இப்போது ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கப் போகின்றன. அதே நாற்காலி, அதே வாள், அதே நூறு மீட்டர் ஓட்டம்.

“பொண்ணுங்களுக்கும் அய்யன் இருப்பாருங்கறத நான் ரோசனையே பண்ணுலீங்க சாமி,” என்றார்.

“முடியாதுன்னு சொல்லிருங்ண்ணா.”

“அந்தம்மணி கேட்டதக் கேட்டீங்கல்ல. எப்படிச் சொல்றது?”

இரண்டு நாள் ஸ்டுடியோ பாதிக் கதவு சாத்தியே கிடந்தது. மூன்றாம் நாள் கூப்பிட்டுக் காட்டினார். பச்சைக் கோட்டு. உடம்பை இடவலமாகத் திருப்பியிருந்தார். கை இப்போது வலப்பக்கம், ஏரி இடப்பக்கம். பதக்கத்தில் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பித் தெரியும் என்று அவற்றைத் தேய்த்து மங்கலாக்கியிருந்தார். துண்டுக்காரர் கம்பீரமாகப் பார்த்தார். தேறிவிடும் போலத்தான் இருந்தது.

“குடிபோற அன்னிக்கு நான் வர மாட்டனுங்க. எனக்குக் காய்ச்சல்னு சொல்லிருங்க,” என்றார். அவருடைய பெரிய புத்திசாலித்தனம் அதுதான். அது மட்டும் நடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

குடிபோகிற அன்று பசுவும் கன்றும் முதலில் உள்ளே போயின. பால் பொங்கியது. கூடத்துச் சுவரில் முதலாளி ஓர் ஆணி அடிக்கச் சொன்ன இடத்தில் இரண்டு ஆணி இருந்தன. கடிகாரத்துக்கு என்று அக்கா முன்பே சொல்லி வைத்திருந்தார். மறைத்திருந்த பட்டுத்துணியை இழுத்தார்கள். சிவப்பில் ஒருவர், பச்சையில் ஒருவர், எதிரெதிரே பார்த்து நின்றார்கள்.

முதலாளி முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஆனால் ஒரம்பரை ஒருவர் முந்திக்கொண்டார். “அட, சம்மந்திங்க ரெண்டு பேரும் நின்னு பேசிக்கிற மாதிரியே இருக்குதுங்க.” எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். முதலாளி சிரிக்க வேண்டியதாயிற்று. சிரித்துக்கொண்டே அக்காவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “எல்லாரும் போகட்டும். சாயங்காலம் கழட்டிருவேன்.” அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஜமீன் உள்ளே வந்தார். காய்ச்சல் என்று நான் சொன்னதைக் கேட்டு, அக்கா வீட்டிலிருந்து கார் அனுப்பி, கஷாயம் வைத்துத் தருகிறேன் என்று கூட்டிவரச் செய்துவிட்டார். வந்தவர் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தன் வேலையைச் சுவரில் பார்த்ததும் அவருக்கு உலகம் மறந்துவிட்டது. நேராகப் போய் இரண்டு படத்துக்கும் நடுவில் நின்று எங்களைப் பார்த்துத் திரும்பினார். இடது கை புது சோபாவின் முதுகில். வலது கை இடுப்பில். வலது கால் முன்னால். நெஞ்சு நிமிர்ந்தது.

முதலாளியின் பெரியப்பா அப்போதுதான் கண் ஆபரேஷன் செய்திருந்தார். புதுக் கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

“ஏனுங்க,” என்றார், “நடுவுல நிக்கறவரு எந்தப் பக்கத்து அய்யனுங்க?”

எல்லாத் தலையும் சிவப்பைப் பார்த்தது, ஜமீனைப் பார்த்தது, பச்சையைப் பார்த்தது, மறுபடி ஜமீனைப் பார்த்தது. ஜமீன் கையை சோபாவிலிருந்து எடுக்கப் பார்த்தார். அது வரவில்லை. பழக்கம் அப்படி.

“ஜமீனு,” என்றார் முதலாளி. “என்ற அய்யனுக்கு உன்ற ஒடம்பா?”

“ஆமாங்க. ரேஷன் கார்டுல மூஞ்சி மட்டுந்தானுங்க இருந்துது.”

“பச்சக் கோட்டு?”

“அதும் நாந்தானுங்க.”

முதலாளிக்கு வழி கிடைத்துவிட்டது. பச்சைக் கோட்டைக் கைகாட்டி, “மொதல்ல இதயக் கழட்டுங்கப்பா. டூப்பு படம்,” என்றார்.

சரோஜாக்கா குரலை உயர்த்தவில்லை. “கழட்டறதுன்னா ரெண்டையுங் கழட்டுங்க. ஒடம்பு ஒண்ணுதானே.”

முதலாளி தன் அய்யனை நிமிர்ந்து பார்த்தார். வெட்டிய கிணற்றிலிருந்து கயிற்றைப் பிடித்து ஏறிவந்த அந்த முகம், ஏரிக்கரையில் குஞ்சம் வைத்த தலைப்பாகையோடு, வாழ்க்கையில் ஒருமுறையாவது களைப்பு தெரியாமல் நின்றது. அதை எப்படிக் கழற்றுவார்? கை தானாகக் கீழே இறங்கியது.

பெரியப்பா மெதுவாகச் சொன்னார்: “எங்கூட்ல இருக்கறதும் செவப்புத்தான்.”

சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். ஒருவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். ஒருவர் செல்போனில் எதையோ தேடினார். ஒருவர் உதடு சத்தமில்லாமல் பச்சை என்றது. அந்தக் கூடத்தில் பாதிப்பேர் வீட்டில் ஜமீன் நின்றுகொண்டிருந்தார். யார் வாயைத் திறந்தாலும் அவரவர் அப்பாவுக்கு உடம்பு இல்லாமல் போய்விடும். “எலையில சோறு ஆறுதுங்க, வாங்க,” என்றார் பெரியப்பா. எல்லாரும் மடமடவென்று பந்திக்குப் போய்விட்டார்கள். அதன் பிறகு அதைப் பற்றி ஒருவரும் ஒருநாளும் பேசவில்லை. இரண்டு படமும் சுவரில் இருந்தன. அக்கா ஜமீனுக்குக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார். தட்டில் வைத்துத்தான் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே நிமிர்ந்து இருந்தார்.

“ஏனுங்ண்ணா, எப்பவும் இப்படியே இருக்கீங்களே, முதுகு வலிக்காதுங்களா?”

“அந்தப் படத்த எடுத்தது என்ற ஊட்டுக்காரிங்க,” என்றார். “கடை தொறந்த புதுசு. கேமராவ அவதான் புடிச்சா. சித்தே நெஞ்ச நிமித்துங்கன்னா. நிமித்துனேன். போதும்னு சொல்றதுக்குள்ள நாலு வருசத்துல போயிட்டா. நானும் எறக்கல.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருடைய முகத்தோடு இருக்கிற படத்தை எனக்குக் காட்டும்படி கேட்டேன்.

“இல்லீங்க சாமி. மொத ஆர்டருக்கு அவசரத்துல தலைய எடுத்துட்டு அப்படியே ஸேவ் பண்ணிப்புட்டேன்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

கடை மூடிவிடும் என்று நான் நினைத்தது நடக்கவில்லை. அடுத்த வாரமே அந்தப் பந்தியில் சாப்பிட்ட ஒருவர் மனைவியோடு வந்து மாமனாருக்குப் படம் சொன்னார். பிறகு இன்னொருவர். எல்லா வீட்டிலும் அக்காக்கள் இருந்தார்கள், எல்லா அக்காக்களுக்கும் அய்யன் இருந்தார். உடம்பு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் வந்தார்கள். ஜமீனும் கூட்டம் கேட்பதை விட்டுவிட்டார். பிடித்த கலரைச் சொன்னால் போதும்.

பிற்பாடு நான் வேலை மாறிச் சென்னைக்கு வந்தேன். மோகனூரில் என் அப்பா போனார். கரும்பு லோடு ஏற்றுகிற டிராக்டர் ஓட்டியவர். வீடு முழுக்கத் தேடினோம், டிரைவிங் லைசென்சில் இருந்த முகம்தான் கிடைத்தது. ஊர் அப்பாக்களைப் பார்த்துச் சிரித்தவன் நான். எல்லாம் தெரிந்தவன் நான். லைசென்சை எடுத்துக்கொண்டு நேராக ஜமீனிடம்தான் போனேன். முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “டிராக்டரு என்ன கலருங்க?” என்றார்.

நீலக் கோட்டு. என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. வருகிற நண்பர்கள் பார்த்துவிட்டு, “உங்கப்பா பெரிய இடமா?” என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

ஜமீன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. செய்தி தாமதமாகத்தான் வந்தது, போக முடியவில்லை. ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அவருடைய முகம் போட்ட படம் எங்கேயும் இல்லை என்று சரோஜாக்கா போனில் சொல்லி வருத்தப்பட்டார்.

அமாவாசையன்று அப்பா படத்துக்கு மாலை போடுகிறேன். முகத்துக்கு மாலை போட முடியாது. அது தோளில் விழுந்து நெஞ்சில்தான் தொங்கும். ஆணியில் கட்டிவிட்டு, நெஞ்சுக்கு நேராக வருகிறதா என்று ஒருமுறை சரி பார்த்துவிட்டுத்தான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.